ராக்குவை மட்டும் கேட்ட கேள்விகள்

பிப்ரவரி 3, திங்கள்

மூட் கோர்ட் என்கிற மாதிரி வழக்குப் போட்டியை என் தலையில் கட்டிவிட்டார் பிரின்சிபல். ஸ்டாஃப் ரூமில் இத்தனை பேர் இருக்க, என்னைத்தான் தேடி வந்தார். "பாண்டீஸ்வரி மேடம், நம்மள்ல கோர்ட்டுல நின்னு பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள நீங்களே தயார் பண்ணிருங்க" என்றார். மற்றவர்கள் எல்லாம் கோர்ட்டை சினிமாவில் பார்த்துவிட்டுத்தான் சட்டம் நடத்துகிறார்கள் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் சம்பளம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மார்ச் முதல் தேதி திருச்சியில் போட்டி. நடக்காத ஒரு வழக்கைக் கொடுப்பார்கள். நிஜ வக்கீல்கள் நீதிபதிகளாக உட்காருவார்கள். பிள்ளைகள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்று வாதாட வேண்டும், அதுவும் இங்கிலீஷில். ஒரு அணியில் பேச இரண்டு பேர். மூன்றாவது ஆள் புத்தகம் தேடிக் கொடுப்பதோடு சரி, அங்கே வாயைத் திறக்கக் கூடாது.

ஆள் எடுக்க வெளியிலிருந்து ஒரு சீனியர் வக்கீலைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எடுத்தது அபிநவ், முத்துராக்கு, ஃபர்ஹானா. அபிநவ் சரி. மதுரையில் பெரிய ஸ்கூல், அப்பா வக்கீல், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஃபர்ஹானா புத்தகம் தேட ஏற்றவள். இரண்டாவது பேச்சாளர் முத்துராக்குவாம்! மேலூர்ப் பக்கம் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையையும் தரையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போகிறாள். அந்த சீனியருக்கு மதியச் சாப்பாட்டு மயக்கமாக இருந்திருக்கும்.

வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ண வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

வழக்கு வந்துவிட்டது. ஒரு நகராட்சிப் பள்ளி, பத்தாம் வகுப்பில் ஃபெயிலான பிள்ளைகளின் பெயரையும் போட்டோவையும் பெரிய பிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டிவிடுகிறது. அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குப் புத்தி வரட்டுமாம். அந்த பிளெக்ஸில் இருக்கும் ஒரு பெண் ஹைகோர்ட்டுக்குப் போகிறாள். இவ்வளவுதான் வழக்கு. கற்பனைதான் என்றாலும் படிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனாவது எங்கேயாவது இதைச் செய்துகொண்டுதான் இருப்பான்.

மாணவி பக்கமா பள்ளி பக்கமா என்பது அன்றைக்குக் காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டால்தான் தெரியும். அதனால் இரண்டு பக்கமும் பேசப் பழக வேண்டும்.

சாயங்காலம் முதல் ஒத்திகை. நான் நீதிபதி. அபிநவ் எழுந்தான், பேசினான், முடித்தான். ரேடியோ கேட்டது மாதிரி இருந்தது. அடுத்தது ராக்கு. இரண்டாவது வரியிலேயே நிறுத்தினேன். "ரிசல்ட் இன்டர்நெட்டில் வருகிறது, நம்பர் தெரிந்த யாரும் பார்க்கலாம். ஊருக்கே தெரிகிற விஷயத்தில் உங்கள் கட்சிக்காரருக்கு என்ன அந்தரங்கம்?" என்று நீதிபதி தோரணையில் இங்கிலீஷில் கேட்டேன்.

முழித்தாள். "சாரி மேடம்" என்றாள்.

"மேடம் இல்ல, மை லார்ட். சாரியும் இல்ல. பதில் சொல்லு."

சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

பிரின்சிபலிடம் போய், ராக்குவைப் புத்தக வேலைக்கு மாற்றிவிட்டு ஃபர்ஹானாவைப் பேச வைக்கலாம் என்றேன். மனிதர் வழுக்கினார். "செலக்ட் பண்ணவரு பெரிய ஆளு மேடம். நான் மாத்துனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. அந்தப் பிள்ளையே முடியலன்னு எழுதிக் குடுத்தா மாத்திருவோம்."

எழுதிக் கொடுப்பாள். நாலு நாள் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டால் தானே கொடுப்பாள்.

இதெல்லாம் அவள் நன்மைக்குத்தான். மேலே மூன்று பேர் உட்கார்ந்து கேட்க, கீழே ஒருத்தி பதில் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஹைகோர்ட்டில் எனக்கு அது நடந்தது. நானும் தமிழ் மீடியம்தான். நீதிபதி ஏதோ கேட்டார், எனக்கு வார்த்தை வரவில்லை, பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். அந்த வழக்குக் கட்டை என் சீனியர் வேறு ஜூனியரிடம் கொடுத்துவிட்டார். அதற்காக ஒன்றும் நான் கோர்ட்டை விடவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடித்திருந்தது, வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், லீவு. ராக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

"நேத்து ஒரு சந்தேகம் கேக்கலாம்னு போன் போட்டேன் மேடம்."

"கோயிலுக்குப் போயிருந்தேன்" என்றேன். போகவில்லை.

இன்றைக்கு அவளை முதல் பாராவைத் தாண்ட விடவில்லை. எந்தப் பக்கம்? எந்தத் தீர்ப்பு? அதில் அப்படியா சொல்லியிருக்கிறது? எதிர்க்கட்சி இப்படிச் சொன்னால் என்ன செய்வாய்? ஒரு வரி சொன்னால் இரண்டு கேள்வி. அவள் திரும்பத் திரும்பப் பேப்பரைப் புரட்டினாள். அபிநவ் தன் பங்கை முழுதாகப் பேசி முடித்தான், எல்லோரும் கை தட்டினோம்.

ஃபர்ஹானா மெல்ல, "மேடம், அபிநவ்வையும் ரெண்டு கேள்வி கேளுங்களேன்" என்றாள்.

"நல்லா ஓடுற வண்டிய எதுக்கும்மா நிறுத்தணும்?" என்றேன். அபிநவ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பதினெட்டு வயசு, பாவம், புகழ்ச்சியை மறைக்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மாவு புளித்துவிட்டது. இவர் ஊத்தப்பமாக ஊற்றச் சொன்னார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே ராக்குவிடம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரப் போட்டு இந்தக் கிழி கிழிக்கிற?" என்றார் இவர்.

"ஸ்டூடண்ட்ட."

"நான் என்னையத்தான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் போய்விட்டார். இந்த வீட்டில் யாருக்கும் எதையும் பொறுப்பாகப் பேசத் தெரியாது.

பிப்ரவரி 19, புதன்

கோபம் இன்னும் ஆறவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ராக்கு 'பிரைவசி' என்ற வார்த்தையை ஒரு மாதிரி இழுத்துச் சொன்னாள். அபிநவ் களுக்கென்று சிரித்தான். நான் அவனை அதட்டியிருக்க வேண்டும், ராக்குவை அதட்டினேன். "இந்த இங்கிலீஷ வச்சுக்கிட்டு அங்க போயி நின்னா நம்ம காலேஜ் மானம் கப்பலேறிரும். யோசிச்சுக்க."

அவள் பேப்பரைக் கீழே வைத்தாள். "ஆபீஸ்ல சொன்னாங்க மேடம். நான் எழுதிக் குடுத்தா மாத்திருவாங்கன்னு. எழுதிக் குடுக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொன்னா குடுத்துர்றேன் மேடம். நீங்க சொல்லணும்."

என் வாயால் சொல்ல வைக்கப் பார்க்கிறாள்! முதல் வருஷம் படிக்கிற பெண், என்னைக் கூண்டில் ஏற்றுகிறாள். ஆபீஸில் யார் உளறியது என்று பிறகு விசாரிக்கிறேன். "நான் எதுவும் சொல்லல. உன் இஷ்டம்" என்றேன்.

"சரி மேடம். அப்பக் கேளுங்க" என்று மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

கேட்டேன். தொண்டை கட்டும் வரைக்கும் கேட்டேன். ஒரு பிள்ளை அழுதால் மனசு இளகும். அழவும் மாட்டேன் என்கிறாள். அழுத்தக்காரி.

பிப்ரவரி 22, சனி

துணி துவைத்தேன். பீரோவை அடுக்கினேன். பிள்ளைகள் மூன்று பேரும் சீனியர்களிடம் கோட்டு இரவல் கேட்டு அலைவதாக ஃபர்ஹானா சொன்னாள். ராக்குவுக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லையாம். என்னுடைய கோட்டு ஒன்று பீரோவில் இருக்கிறது. அவளுக்கு அளவு சேராது.

அளவு சேரும். எனக்குக் கொடுக்கப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

ராக்கு சாரி சொல்வதை நிறுத்திவிட்டாள். கேள்வி புரியாவிட்டால், "வுட் யுவர் லார்ட்ஷிப் ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின்" என்கிறாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் திரும்பக் கேட்கிறேன், அவள் காது கொடுத்துக் கேட்கிறாள், தெரிந்ததைச் சொல்கிறாள், தெரியாததைத் தெரியாது என்கிறாள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். திமிர் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த இன்டர்நெட் கேள்விக்கு மட்டும் இன்றைக்கும் பதில் இல்லை. "இத அங்க கண்டிப்பாக் கேப்பாங்க. பதில் இல்லன்னா அதோட கத முடிஞ்சிரும்" என்றேன்.

"யோசிச்சுக்கிட்டே இருக்கேன் மேடம். ஒரு நாள் வந்துரும்" என்றாள்.

ஒரு நாளாம். சனிக்கிழமை போட்டி.

பிப்ரவரி 28, வெள்ளி

திருச்சி. வேனில் வந்து இறங்கினோம். அபிநவ் வழி முழுக்கத் தன் பேச்சை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டு வந்தான், ஒரு எழுத்து பிசகவில்லை. ராக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரோட்டோரம் கட்டியிருந்த பிளெக்ஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்த நாள். நாளைக்குப் போட்டியை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள்!

ஃபர்ஹானாதான் எங்கேயோ பேசி அவளுக்கு ஒரு கோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கை நீளம். மடித்துவிட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 1, சனி

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சீட்டில் எங்களுக்கு மாணவி பக்கம் வந்தது. மேலே இரண்டு ஆண் வக்கீல்கள், ஒரு பெண் வக்கீல். பயிற்சி கொடுத்தவர்கள் கடைசி வரிசையில் உட்காரலாம், சைகை செய்தால் மார்க் போய்விடும். நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அபிநவ் எழுந்தான். அழகாக ஆரம்பித்தான். இரண்டு வரி போனதும் அந்த அம்மா, "இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது கவுன்சல், உங்கள் வழக்குக்கு வாருங்கள்" என்றார். "வருகிறேன் மை லார்ட்" என்று சொல்லிவிட்டு அவன் அதே வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். திரும்ப நிறுத்தினார்கள். இந்தத் தடவை அவன் முதல் வரிக்கே போய்விட்டான். மனப்பாடம் செய்தவனுக்கு நடுவில் நுழைய வாசல் கிடையாது. மூன்றாவது கேள்வி வந்தபோது நின்றுவிட்டான். காது இரண்டும் சிவந்து போயின. நடுவில் இருந்தவர் தன்மையாக, "டேக் யுவர் டைம், கவுன்சல்" என்றார். அவன் பேப்பரை எல்லாம் அள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நேரம் பாதிகூட முடியவில்லை.

உட்காரடா என்று யார் சொன்னது? மெதுவாகச் சொல்லு என்றுதானே அந்த மனிதர் சொன்னார்? கடைசி வரிசையிலிருந்து எழுந்து கத்திவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ராக்கு எழுந்தாள். மடித்துவிட்ட கோட்டுக் கை அவிழ்ந்து தொங்கியது, அவள் கவனிக்கவில்லை. அவளுக்கும் இரண்டாவது வரியில் கேள்வி. நின்றாள், பதில் சொன்னாள், விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். மறுபடி கேள்வி. மறுபடி அப்படியே. இலக்கணம் எல்லாம் தாறுமாறு. நேற்றும் நாளையும் ஒரே வரியில் வந்தன. அவர்கள் மூன்று பேரும் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்த அம்மா அதைக் கேட்டார். நான் கேட்ட அதே கேள்வி. ரிசல்ட்தான் இன்டர்நெட்டில் இருக்கிறதே, பிளெக்ஸில் போட்டால் என்ன?

ராக்கு தரையைப் பார்த்தாள். ஃபர்ஹானா ஏதோ எழுதி நகர்த்தினாள், அவள் அதை எடுக்கவில்லை. நிமிர்ந்து, "மை லார்ட், ரிசல்ட், வீ கோ அண்ட் சீ. பிளெக்ஸ், இட் கம்ஸ் அண்ட் சீஸ் அஸ்" என்றாள். ரிசல்ட்டை நாம் போய்ப் பார்க்கிறோம், பிளெக்ஸ் வந்து நம்மைப் பார்க்கிறது. வழக்குப் போட்ட பெண் பால் வாங்கப் போனாலும் அது பார்க்கும், பஸ்ஸுக்கு நின்றாலும் பார்க்கும், அவளால் அதை மூட முடியாது என்று துண்டு துண்டான இங்கிலீஷில் சொல்லி முடித்தாள். பெண் வக்கீல் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. அபிநவ்வின் மார்க் எங்களைக் கீழே இழுத்துவிட்டது. ராக்குவுக்கு அந்த அறையில் பேசிய எல்லோரையும் விட அதிக மார்க்.

டீ குடிக்கும்போது அந்தப் பெண் வக்கீல் தேடிக்கொண்டு வந்தார். "எத்தன கேள்வி கேட்டாலும் அசராம நிக்கிறியேம்மா! யாரு ட்ரெய்ன் பண்ணது?"

"இந்த மேடம்தான்" என்று ராக்கு என்னைக் காட்டினாள். "தெனமும் கேப்பாங்க. என்னைய மட்டும்தான் கேப்பாங்க."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அபிநவ் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவர் போனதும் நான் ராக்கு மேல் பாய்ந்தேன். "பிளெக்ஸ் வந்து பாக்குதாம். அது ஒரு வாதமா? தீர்ப்பு ஏதாச்சும் காட்டுனியா? வாய்க்கு வந்ததச் சொல்லிட்டு வந்துட்ட. கோட்டுக் கையக்கூட மடிச்சுவிடத் தெரியல!"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு குனிந்து கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது வேனில் அபிநவ் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "மேடம், என்னைய ஏன் ஒரு கேள்விகூடக் கேக்கல?" குரல் உடைந்திருந்தது. "நான் நல்லாப் பேசுறேன்னு நீங்க சொன்னீங்க. அப்பாட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"போயி உக்காரு, வண்டி ஓடுது" என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 2, ஞாயிறு

எதுவும் சமைக்கவில்லை. இவர் கடையில் புரோட்டா வாங்கி வந்தார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன், அவர் பாட்டுக்குத் தின்றார்.

ஹைகோர்ட்டில் அன்றைக்கு அந்த நீதிபதியும் டேக் யுவர் டைம் என்றுதான் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

மார்ச் 3, திங்கள்

பிரின்சிபல் எங்கள் எல்லோரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். நான் அவருக்கு எதிரே நாற்காலியில், பிள்ளைகள் மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள். திருச்சியிலிருந்து போன் வந்ததாம், ராக்குவைப் பற்றி ஓஹோவென்று சொன்னார்களாம். மனிதருக்கு முகமெல்லாம் பல். "அடுத்து கோயம்புத்தூர். இதே டீம், இதே மேடம். அசத்திருவோம்."

"நான் வரேன் சார்" என்றாள் ராக்கு. "மேடம் வேண்டாம் சார்."

பிரின்சிபல் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, "ஏம்மா? அவங்கதான ஒன்னைய இவ்வளவு தூரம் கொண்டாந்தது?" என்றார்.

"ஆமா சார். அவங்க கேட்டுக் கேட்டுத்தான் நான் பழகுனேன். ஆனா நான் பழகணும்னு அவங்க கேக்கல." அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினாள், கோர்ட்டில் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக. "மேடத்துக்கு என்னையப் பாத்தாக் கோவம் வருது சார். என் இங்கிலீஷப் பாத்து வருதுன்னு நெனச்சேன். அங்க நல்லாப் பேசிட்டு வந்து நின்னேன், அப்பத்தான் ரொம்ப வந்துச்சு. நான் முடியலன்னு உக்காந்துருந்தா மேடத்துக்குக் கோவம் வந்துருக்காது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என்ன வாய்! நான்கு வார்த்தை சரியாகப் பேச வந்ததும் யாரிடம் வந்து பேசுகிறாள்! இவளுக்காகத் தொண்டை தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். ஒன்றும் தெரியாத பெண், என்னத்தைக் கண்டாள் என்று இப்படிச் சொல்கிறாள்? நன்றி கெட்டவள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அபிநவ் தலையைக் குனிந்துகொண்டான். ஃபர்ஹானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒத்திகை அறையில் தினமும் பார்த்த மாதிரி.

"என்ன மேடம் இது?" என்று பிரின்சிபல் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ள சொல்றது நெசமா?"

வார்த்தை வரவில்லை. அவர் காத்திருந்தார். "சின்னப் பிள்ள, ஏதோ பேசுது சார்" என்று சொன்னால் போதும், அவர் அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் வகுப்புக்கு அனுப்பிவிடுவார். அதைத்தான் அவரும் எதிர்பார்த்தார் என்று முகத்தில் தெரிந்தது.

எழுந்து நின்றேன். "ஆமா சார்" என்றேன்.

ஏன் மேடம் என்று கேட்டார். ஹைகோர்ட்டில் நான் உட்கார்ந்துவிட்டதையும் இவள் உட்காராததையும் நின்றபடியே சொன்னேன்.